பாஸ் கிட்டார் வாசித்தால் கை மரத்துப்போகிறது, விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 28. நாகர்கோவிலில் ஒரு கடையில் கணினியில் கணக்கு எழுதும் வேலை. வார இறுதியில் மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார், ஞாயிறு காலை சர்ச்சிலும் வாசிப்பு. ஆறு மாதம் முன்பு நான்கு கம்பி பாஸை மாற்றி ஐந்து கம்பி வாங்கினேன். இரண்டு மாதமாக இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி. இப்போது இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. எழுந்து உதறினால்தான் சரியாகிறது. கச்சேரி நாளில் டைக்ளோஃபினாக் மாத்திரை போட்டுக்கொண்டு, கிரேப் பேண்டேஜ் சுற்றி வாசிக்கிறேன். "வாசிக்க வாசிக்கப் பழகிவிடும்" என்கிறார் குழுவில் மூத்தவர். அடுத்த மாதம் நான்கு கச்சேரிகள் இருக்கின்றன. வாசிப்பதையே விட வேண்டி வருமா? ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் 'பழகிவிடும்' என்ற பேச்சை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். பழகுவது விரல் நுனித் தோல். முதலில் கொப்புளம் வரும், பிறகு காய்த்துப்போகும், அதற்கு மேல் வலிக்காது. நரம்பு அப்படிக் காய்த்துப்போகாது. அழுத்தம் தொடர்ந்தால் அது நலிந்துகொண்டேதான் போகும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தொந்தரவுகள் கலந்திருப்பதாகத் தெரிகிறது. கட்டைவிரல் பக்கத்து வலி, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஓடும் உறை வீங்குவதால் வருவது. கட்டைவிரலை விரிக்கிற இரண்டு தசைநாண்கள் அந்த இடத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்தால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீரென்று வலித்தால் பெரும்பாலும் இதுதான்.

இரவில் மரத்துப்போவது வேறு. அதுதான் எனக்குக் கவலை தருகிறது. மணிக்கட்டின் உட்புறம் ஒரு சுரங்கம்போல இருக்கும் இடத்தில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது அந்த நரம்பு. மணிக்கட்டு மடங்கினால் சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடும். தூக்கத்தில் நாம் அறியாமல் கையை மடக்கிக்கொள்வதால் இரவில் தொந்தரவு அதிகம். இதைத்தான் கார்ப்பல் டன்னல் என்கிறோம். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் அது முழங்கையில் அழுந்தும் வேறொரு நரம்பு. கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இந்த இரண்டும் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படி வருகிற இசைக்கலைஞர்களிடம் நான் கருவியையும் கொண்டுவரச் சொல்வேன். உங்கள் வயதுப் பையன் ஒருவர் பாஸோடு வந்தார். உட்கார்ந்து வாசித்தபோது கை நன்றாகவே இருந்தது. "மேடையில் நிற்பதுபோல நில்லுங்கள்" என்றேன். ஸ்ட்ராப்பை, அதாவது கிட்டாரைத் தோளில் தொங்கவிடும் பட்டையை, இறக்கிவிட்டு நின்றார். கிட்டார் தொடைக்குப் போய்விட்டது. கீழே இருக்கிற நெக்கை (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) சுற்றிப் பிடிக்க அவருடைய இடது மணிக்கட்டு கிட்டத்தட்ட செங்கோணத்தில் மடங்கியது. கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது, அவ்வளவு இறுக்கம். பார்க்க அழகான நிலைதான். அதில் நான்கு மணி நேரம் நின்றால் எந்த மணிக்கட்டும் தாங்காது.

ஆகவே முதல் வேலை ஸ்ட்ராப். உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அங்கேயே இருக்கட்டும். நெக்கின் நுனி தோள் உயரத்தை நோக்கி ஏறியிருந்தால் மணிக்கட்டு தானாக நேராகும். பாஸ் சுமார் 4 கிலோ இருக்கும், ஐந்து கம்பி பெரும்பாலும் இன்னும் கனம். மெல்லிய நைலான் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 3, 4 அங்குல அகலப் பட்டை வாங்குங்கள். நெக் தானாகக் கீழே சரிகிற கிட்டார் என்றால், இடது கை வாசிப்பதோடு அதைத் தூக்கிப்பிடிக்கவும் செய்கிறது. சொரசொரப்பான தோல் பட்டை அதைக் கொஞ்சம் தடுக்கும்.

அப்புறம் கட்டைவிரல். எளிய மெட்டு ஒன்றை, கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கையின் எடையே கம்பியைப் பெருமளவு அழுத்துவது தெரியும். ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஒட்டிப் பின்னால் விரல் வைத்தால் இன்னும் குறைந்த பலம் போதும். 1951-ல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பாஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலானவை அதே அளவுதான். முதல் ஃப்ரெட்டுக்கே ஏறக்குறைய 4.8 செ.மீ. இடைவெளி. அங்கே ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நான்கையும் அகட்டி வைக்க எல்லார் கைக்கும் வராது. டபுள் பாஸ் (வயலின் வடிவில் ஆள் உயரத்துக்கு இருக்கும் கருவி) வாசிப்பவர்கள் கீழ் ஸ்தானங்களில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களைக்கொண்டு மூன்று சுரங்களைத்தான் பிடிப்பார்கள், பிறகு கையை நகர்த்துவார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். கம்பியின் உயரத்தைக் குறைத்துத் தரச்சொல்லி கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மெல்லிய கம்பி செட்டும் உதவும்.

மேடையில் இன்னொன்று நடக்கும். டிரம்ஸ் சத்தத்தில் உங்கள் பாஸ் உங்களுக்கே கேட்காது. கேட்காதபோது கை தானாக ஓங்கி அடிக்கும், இறுக்கிப் பிடிக்கும். மானிட்டரில், அதாவது வாசிப்பவர்களை நோக்கி மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், பாஸ் சத்தத்தை ஏற்றித் தரச் சொல்லுங்கள், விரலை மெதுவாகப் போடுங்கள். சவுண்ட்காரரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. நீங்கள் பைக்கில் போகிறவர் என்றால், டவுன் நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடுவதும் அதே இடது கைதான். பகலில் கீபோர்டு, இரவில் போன். கிட்டாரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாலைந்து வாரத்துக்கு பஸ்ஸில் போக முடியுமா பாருங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட்டை இரவில் மட்டும், நான்கிலிருந்து ஆறு வாரம் கட்டுங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் வகை உங்களுக்குப் பொருந்தும். அதை மாட்டிக்கொண்டு வாசிக்காதீர்கள். மணிக்கட்டு செய்ய வேண்டிய வேலை முழங்கைக்கும் தோளுக்கும் போய்விடும். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவது நரம்பை மேலும் நெருக்கும், அதை நிறுத்துங்கள். சுளுக்கு என்று எண்ணெய் விட்டு அழுத்தி நீவவும் வேண்டாம். டைக்ளோஃபினாக்கை இப்படி நீங்களாகவே போடுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். அதைவிட மோசம், வலியை மறைத்து உங்களைக் கூடுதலாக வாசிக்க வைத்துவிடும்.

இந்த வாரமே ஓர் எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். நரம்பின் வேகத்தைப் பார்க்கும் சோதனையை அவர் எழுதலாம். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே இந்தத் தொந்தரவுக்குக் காரணமாகலாம். தசைநாண் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நல்ல பலன் தருகிறது. உங்களுக்கு மரப்பு இன்னும் உதறினால் போகிறது என்பதால் ஆபரேஷன் பேச்சு பெரும்பாலும் இப்போது எழாது. பகல் முழுக்க மரத்திருப்பது, சட்டைப் பொத்தான் போட முடியாதது, டீ டம்ளர் கை நழுவுவது, கட்டைவிரலடி மேட்டுச் சதை வற்றுவது, இவற்றில் எது வந்தாலும் நாள் கடத்தாதீர்கள். அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

நான்கு கச்சேரிகளையும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். வருமானம் போகும் என்று தெரிந்தே சொல்கிறேன். இரவு மரப்பு நின்றபின் பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 25 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் கையைத் தொங்கவிட்டு ஓய்வு. மறுநாள் காலையில் வலி மிச்சம் இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். ஐந்து கம்பியைக் கொஞ்ச நாள் பெட்டியில் வைத்துவிட்டு, முதல் மாதம் நண்பர் யாரிடமாவது நான்கு கம்பியை இரவல் வாங்கி வாசியுங்கள். மருத்துவரிடம் போகும்போது, நின்றுகொண்டு வாசிப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.