டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரித் தேர்வில் 120 கேள்விக்கு மேல் சரியாக வரவே மாட்டேன் என்கிறது. நான்கு விடைகளில் சரியானதைப் பிடிக்க எப்படிப் பழகுவது?

நானும் அந்த 120-இல் இரண்டு வருடம் மாட்டிக்கிடந்தவன்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அறை, பக்கத்தில் பழைய வினாத்தாள் கட்டு. தினமும் 200 கேள்வி போடுவேன், விடைக்குறிப்பைப் பார்த்து டிக் அடிப்பேன், மூடி வைத்துவிடுவேன். தப்பு அங்கேதான் இருந்தது.

அறையில் கூட இருந்த அண்ணன் ஒருநாள் என் தாளை எடுத்தார். புனித டேவிட் கோட்டை எங்கே உள்ளது? தரங்கம்பாடி, தேவனாம்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம். சாயங்காலமானால் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போகிறவனுக்கு இது ஒரு கேள்வியா? "சரி தம்பி, மத்த மூணும் எதுக்கு அங்க இருக்கு?" என்றார். முழித்தேன். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் டேன்ஸ்பர்க் கோட்டை. மற்ற இரண்டு ஊரிலும் டச்சுக்காரர்கள் கோட்டை. அடுத்த தேர்வில் கேள்வி அந்த மூன்றிலிருந்து வரலாம் இல்லையா? அன்றிலிருந்து தினமும் 40 கேள்விதான், ஆனால் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நோட்டில் எழுதினேன். முதலில் விடைகளை ஸ்கேலால் மறைத்துவிட்டு, மனதில் ஒரு பதில் வந்த பிறகே திறப்பேன்.

கூற்று–காரணம் கேள்வியில் நிறைய பேர் வழுக்குவார்கள். கூற்று: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கிறார்கள். காரணம்: நெய்வேலி கடலூர் மாவட்டத்தில் உள்ளது. இரண்டும் உண்மை. நடுவில் 'ஏனென்றால்' போட்டுப் படித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். அப்போது 'இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்கு விளக்கமல்ல' என்பதுதான் விடை.

தெரியாத கேள்விக்கு? குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்துக்குக் கிடைப்பது பூஜ்யம், ஊகித்தால் 1.5 கிடைக்க வாய்ப்பாவது உண்டு. நீட் வேறு கணக்கு, அங்கே தவறுக்கு 1 போகும். அங்கே என்றால் இரண்டு விடையையாவது நீக்க முடிந்தால்தான் நான் துணிவேன்.

அப்புறம் ஓஎம்ஆர் தாள், அதாவது வட்டங்களைக் கருப்பாக்கும் விடைத்தாள். ஒருமுறை 73-ஐ விட்டுவிட்டு 74-இன் விடையை 73-இன் வட்டத்தில் கருப்பாக்கி, 91-இல்தான் கவனித்தேன். பால்பாயிண்ட் பேனா, அழிக்கவா முடியும்? இப்போது பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.