ஐந்து மாதக் கர்ப்பம், ஈறில் ரத்தம்: பல் டாக்டரிடம் போகலாமா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், பிள்ளை பிறக்கும்வரை பல்லில் கை வைக்கக் கூடாது என்கிறாராம் அப்பத்தா.

தாராளமாகப் போகலாம். ஐந்தாம் மாதம்தான் தோதான நேரம்: பலருக்கு வாந்தி ஓய்ந்திருக்கும், நாற்காலியில் சாயவும் வயிறு இடம் கொடுக்கும். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசிக்கும் பயம் வேண்டாம். வலி மாத்திரை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள். இபுபுரூஃபன் வகை 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

ஹார்மோன் ஏறுவதால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு வீங்கி ரத்தம் கசியும். அதற்காகத் தேய்ப்பதை விட்டால் இன்னும் மோசமாகும். மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட், இரண்டு வேளை.

வாந்தி எடுத்த கையோடு மட்டும் தேய்க்காதீர்கள். வயிற்று அமிலத்தில் பல்லின் மேலுறையான எனாமல் இளகியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் தேய்க்கலாம்.

அப்புறம், பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் மாவுருண்டையும் அதிரசமும். வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வராது. சாப்பாட்டோடு ஒன்று சாப்பிடுங்கள். நாள் முழுக்க டப்பாவைத் திறந்து திறந்து கொறிப்பதுதான் சொத்தைக்கு வழி. மாவுருண்டை கடைவாய்ப் பல்லில் அப்பிக்கொள்ளும், உடனே வாயைக் கொப்பளியுங்கள்.