மேடைக்கு முன்னால் நின்றால் பாட்டு ஏன் கேட்பதில்லை?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “எங்கள் நகரத்தின் பெரிய பூங்காவில் நடந்த இசைவிழாவுக்குப் போனோம். மேடைக்கு நேர் முன்னால் இடம் பிடிப்பதற்காக இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றோம். தாளம் நெஞ்சில் இடித்ததே தவிர, பாடகி பாடிய ஒரு வரிகூடப் புரியவில்லை. மறுநாள் மாலை வரை காதில் ரீங்காரம். அடுத்த மாதம் இரண்டு நாள் விழா வருகிறது. ஒன்பது வயது மகளும் வர ஆசைப்படுகிறாள். எங்கே நிற்பது, எதற்கெல்லாம் தயாராவது? அல்லது போகாமலே இருந்துவிடலாமா?”

கட்டாயம் போங்கள். ஆயிரக்கணக்கானோர் நடுவில், வானத்துக்குக் கீழே, கண்ணெதிரே பிறக்கும் பாட்டைக் கேட்கும் அனுபவத்தை எந்த ஒலிப்பதிவும் தராது. திறந்தவெளி நிகழ்ச்சிகளில் ஒலி அமைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் ரசனையிலும் பாடகியிடமும் குறை இல்லை. நின்ற இடம்தான் தவறு.

பெரிய மேடையின் இரு பக்கமும் ஒலிபெருக்கிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, வளைந்த தூண்போல உயரத்தில் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பாடகியின் குரல் முழுமையாக வருவது அந்தத் தூண்களிலிருந்துதான். மேல்பெட்டிகள் மைதானத்தின் கடைக்கோடியைப் பார்த்திருக்கும். கீழ்ப்பெட்டிகள் சற்று முன்னால் இருப்பவர்களைப் பார்த்திருக்கும். மேடையை ஒட்டி நடுவில் நிற்பவருக்கு இரண்டு தூண்களுமே நேராகப் பேசுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப மேடை விளிம்பில் சிறிய ஒலிபெருக்கிகளை வைப்போம். ஆனால் முன்வரிசையில் நிற்கும் உடல்களே அவற்றின் ஒலியை விழுங்கிவிடும். அதே நேரம், தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் கனத்த பெட்டிகள் தரையில், உங்களுக்குச் சில அடி தூரத்தில் இருக்கும். மேடையிலிருந்து டிரம்ஸின் ஓசை வேறு நேராக வந்து தாக்கும். இடி மட்டும் கேட்டு வரிகள் கேட்காமல் போனதற்கு இதுதான் காரணம். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் முன்வரிசை நல்ல இடம். பாட்டைக் கேட்க அது நல்ல இடமல்ல.

அப்படியானால் எங்கே நிற்பது? மைதானத்துக்குள் நுழைந்ததும் மேடையைத் தேடாதீர்கள். கூட்டத்தின் நடுவே, மேடைக்கு எதிரில் ஒரு சிறிய கூடாரமோ தடுப்பு போட்ட மேடையோ இருக்கும். அதற்குள் விளக்குகள் மினுக்கும் பலகையின் முன் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். ஒலிக்கலவை செய்பவர் அங்கேதான் இருக்கிறார். தன் காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைத்தான் அவர் மைதானம் முழுவதற்கும் அனுப்புகிறார். ஆகவே அவர் கேட்கும் இசைக்கு மிக நெருக்கமான இசை வேண்டுமென்றால், அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். பின்னால் நிற்க வேண்டாம். கூடாரமே ஒலியையும் பார்வையையும் மறைத்துவிடும்.

ஓரிடத்தில் நின்று பிடிக்கவில்லை என்றால் பத்தடி நகர்ந்து பாருங்கள். இடப்பக்கப் பெட்டிகளிலிருந்தும் வலப்பக்கப் பெட்டிகளிலிருந்தும் வரும் தாழ்ந்த ஒலிகள் நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பலமாகும். சற்றே பக்கவாட்டில், ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் வருவதால் சில சுரங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இடி அதிகம் என்று வருந்துபவருக்கு நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகுவதே போதும். இதை யாரும் செய்து பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். முதலில் கிடைத்த இடத்திலேயே வேர்விட்டு நின்றுவிட்டு, ஒலி சரியில்லை என்று பலர் வீடு திரும்புகிறார்கள்.

குழந்தையோடு போகும் உங்களுக்கு இன்னும் பின்னால் ஓரிடம் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் பயணம் செய்யும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதமாக வரும். தூரத்தில் நிற்பவர்களுக்காகப் பெரிய மைதானங்களின் நடுவில் கூடுதல் ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்துவோம். மேடையின் ஒலி அங்கே வந்து சேரும் கணத்துக்குப் பொருந்த, அவற்றின் ஒலியைத் தாமதப்படுத்தி அனுப்புவோம். கோபுரத்தைத் தாண்டி, மேடையிலிருந்து அப்பால் உள்ள பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து குரல் தெளிவாகக் கேட்கும். கோபுரத்துக்கும் மேடைக்கும் இடையில், கோபுரத்தை ஒட்டி நின்றால் ஒவ்வொரு சொல்லும் இரட்டிப்பாக ஒலிக்கலாம். கோபுரத்துக்குப் பின்பக்கம் கூட்டம் குறைவு, சத்தமும் குறைவு, உட்காரவும் இடம் கிடைக்கும். குடும்பத்தோடு வரும் நண்பர்களை நான் அங்கேதான் அனுப்புவேன்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளையும். தூரத்தில் இருப்பவர்களுக்கு மெலிந்து கேட்கும். இருட்டிய பிறகு தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெப்பமாக இருந்தால் அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து வரும். நான்கு மணிக்குப் பிடிக்காத இடம் எட்டு மணிக்கு அருமையாக இருக்கலாம். காற்று பலமாக வீசும் நாளில் குரல் அலையலையாக ஏறி இறங்குவதும், வீசும் காற்று ஒலியை இப்படி வளைப்பதால்தான்.

இனி உங்கள் காது. கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது மறுநாள் மாலை வரை நீடித்த அந்த ரீங்காரம்தான். பலரும் அதை நல்ல நிகழ்ச்சியின் அடையாளம் போலப் பேசுகிறார்கள். அது காயத்தின் அறிகுறி. உட்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. ரீங்காரம் அடங்கிவிட்டதால் சேதமே இல்லை என்று சொல்லவும் முடியாது.

பணியிடப் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் வகுத்த கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். இசை நிகழ்ச்சிகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த வரம்பை மதித்து நடக்கும் நல்ல விழாவிலும், வெறுங்காதோடு இரண்டு மணி நேரம் நின்றால் தொழிலாளியின் கணக்கை எப்போதோ கடந்துவிடுவீர்கள்.

ஆகவே காதடைப்பான் அணியுங்கள். “அதை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பதா?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மஞ்சள் நுரைத் துண்டை மட்டும் அறிந்தவர்கள். அது உயர்ந்த ஒலிகளை அதிகமாக வெட்டுவதால், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கும். இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்கள் வேறு. எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய சமமாக, 15 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். 100 டெசிபல் 85 ஆகும். 15 நிமிடம் 8 மணி நேரமாகும். அதீத சத்தத்தில் காது திணறுவதால், அதை அணிந்த பிறகு பலருக்கு வரிகள் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கின்றன. நுரைத் துண்டுதான் கிடைத்தது என்றால், விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்து உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். அரைகுறையாகச் செருகினால் பாதுகாப்பும் அரைகுறைதான். மணிக்கு ஒருமுறை சத்தத்தைவிட்டு விலகிச் சற்று நேரம் இருந்துவிட்டு வருவதும் நல்லது.

ரீங்காரம் இரண்டு நாள் கழித்தும் போகவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் அன்றே போக வேண்டும். சிகிச்சைக்கு அங்கே நாள்கள் முக்கியம்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை நின்றால் ஓரளவு உங்கள் விருப்பப்படி நகரலாம். ஐந்தைத் தாண்டும்போது ஆபத்து தொடங்குகிறது. ஏழு பேரை நெருங்கினால் கூட்டம் நீர்போல அலையடிக்கும். தனி மனிதரின் பலத்துக்கு அங்கே அர்த்தமில்லை. நெரிசலில் பலர் இறப்பது மிதிபட்டு அல்ல; நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமின்றி மூச்சுத் திணறித்தான். பக்கத்தில் இருப்பவர்மேல் படாமல் கைகளைத் தூக்க முடியவில்லை என்றால், அதுவே கிளம்ப வேண்டிய நேரம். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெருக்கத்தில் மாட்டிக்கொண்டால், குத்துச்சண்டை வீரர்போலக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கிக்கொள்ளுங்கள். தள்ளுவிசையை எதிர்த்து நிற்காமல், ஒவ்வொரு அலையும் தணியும்போது சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த செல்பேசியை எடுக்கக் குனியாதீர்கள். உள்ளே நுழையும்போதே வேறொரு வெளிவாயிலைப் பார்த்து வைத்திருங்கள். வந்த வழியையே எல்லோரும் நாடுவதால் அதுதான் முதலில் அடைபடும்.

மற்றவை நீங்கள் அறிந்தவைதான்: தொப்பி, தண்ணீர், நடக்கப் பழகிய காலணி. வெயிலில் ஒருவர் குழறிப் பேசத் தொடங்கினால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே நிழலில் உடலைக் குளிர்வித்து மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். வானத்தில் இடி கேட்டால் மரத்தடிக்கோ கூடாரத்துக்கோ போகாமல் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். கூட்டத்தில் செல்பேசி வலையமைப்பு திணறும் என்பதால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மகளின் கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மகளுக்குக் காதுக்குள் செருகும் வகை வேண்டாம். சிறு காதில் சரியாகப் பொருந்துவது கடினம். காதை முழுவதும் மூடும், குழந்தைகளுக்கான கவசம் வாங்குங்கள். தோளில் தூக்கி வைத்துக் காட்டும்போது அது மிக அவசியம். கீழே நிற்கையில் சுற்றியுள்ள உடல்கள் ஒலியின் கூர்மையை ஓரளவு தடுக்கும். உங்கள் தோளுக்கு மேல் அந்தத் தடுப்பு இல்லை. அவள் காதைப் பொத்தினாலோ போகலாம் என்றாலோ வாதாடாமல் பின்னால் நகருங்கள். இரண்டு நாளும் எல்லா நிகழ்ச்சிகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற திட்டத்தையும் கைவிடுங்கள். நாளுக்கு இரண்டே கலைஞர்களை மனமூன்றிக் கேட்டால் அவர்களின் பாட்டு உங்களோடு வீட்டுக்கு வரும். கவசத்தை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, வீட்டில் பாட்டு போட்டு, மாட்டியும் கழற்றியும் அவளைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படிப் பழகியிருந்தால் மைதானத்தில் அதைப் பிடுங்கி எறிய மாட்டாள்.