பிளஸ் ஒன் கணினி அறிவியலுக்கு 18,000 ரூபாய் ‘கோடிங்’ வகுப்பு தேவையா?

கேள்வி: என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இப்போது அங்கேயே பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் உள்ள பிரிவில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என்னிடம் ஒரு ஸ்மார்ட்போன் மட்டும்தான். ‘கோடிங் தெரியாமல் போனால் முதல் மாதமே பின்தங்கிவிடுவாள்’ என்கிறார்கள் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில். ஆறு மாதத்துக்கு 18,000 ரூபாய், சான்றிதழும் உண்டாம். 2,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? வகுப்பில் அவளிடம் என்னதான் எதிர்பார்ப்பார்கள்?
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மீதியைக் கட்டாதீர்கள் அம்மா. இருபத்து நான்கு ஆண்டுகள் கணினி பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு வரை நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினிக்கென்று தனிப் பாடமே கிடையாது. அறிவியல் புத்தகத்தின் கடைசியில் ஒரு சின்ன அத்தியாயம் இருக்கும், பல பள்ளிகளில் அதைத் தொடுவதுகூட இல்லை. அதனால் பிளஸ் ஒன் புத்தகம், ஒன்றுமே தெரியாத பிள்ளையை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் தொகுதியில் கணினியின் உறுப்புகள், 0-1 எண் முறை, விண்டோஸ், உபுண்டு என்ற இயங்குதளங்கள், அப்புறம் ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதுவது. கோடிங் எழுதும் மொழியான சி++ வருவதே இரண்டாம் தொகுதியில்தான். முதல் மாதத்தில் பின்தங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. சென்டர்காரர் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

அவளிடம் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கில் புலியாக இருக்க வேண்டாம். ஆங்கிலம் சரளமாக வர வேண்டாம். தேர்வில் விளக்கங்களைத் தமிழிலேயே எழுதலாம், மாறி (வேரியபிள்), மடக்கு (லூப்), செயற்கூறு (ஃபங்ஷன்), அணி (அரே) என்று புத்தகத்திலேயே எல்லாவற்றுக்கும் தமிழ்ச்சொல் இருக்கிறது. நிரல், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதுகிற புரோகிராம், மட்டும் ஆங்கிலத்தில்தான். அது ஆங்கில வழிப் பிள்ளைக்கும் அதேதான். ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற ஆங்கிலச் சொற்களை நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.

உண்மையாக வேண்டியது ஒன்றுதான். நிரலை அவளே தன் கையால் எழுத வேண்டும். எழுதியது தப்பாகப் போனால் எங்கே தப்பு என்று அவளே தேட வேண்டும். இதைச் செய்கிற பிள்ளை தோற்று நான் பார்த்ததில்லை.

ஒரு சின்ன உதாரணம். செய்முறைப் பயிற்சியில் மதிப்பெண் சதவீதம் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று உண்டு. ஒரு மாணவி 500க்கு 437 என்று கொடுத்தாள். 437ஐ 500ஆல் வகுத்து 100ஆல் பெருக்கச் சொல்லி எழுதியிருந்தாள். பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையில் 0 என்று வந்தது. பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர். ‘கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்’ என்றாள். சி++ மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு வருவதை அது தூக்கி எறிந்துவிடும். 437ஐ 500ஆல் வகுத்தால் 0.874, புள்ளிக்குப் பின்னால் உள்ளது போனால் மிஞ்சுவது 0, அதை நூறால் பெருக்கினாலும் 0தான். நான் விடையைச் சொல்லவில்லை. ஒரு தாளில் ஒவ்வொரு படியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கால் மணி நேரம் ஆயிற்று. மதிப்பெண்ணைத் தசம எண்ணாக அறிவித்து மறுபடி ஓட்டினாள், 87.4 வந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் நடந்ததுதான் அம்மா படிப்பு. எந்த சென்டரும் அந்தக் கால் மணி நேரத்தை உங்களுக்கு விற்பதில்லை. ஓடுகிற நிரலைப் பலகையில் எழுதிப் போட்டு, காப்பி அடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

காப்பி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டை எழுதித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் சொன்னால் போதும், முத்து முத்தான கையெழுத்தில் அத்தனை நிரலும் வந்துவிடும். சில ஊர்களில் சென்டரே இதைச் செய்கிறது, ‘ரெக்கார்டு எங்கள் பொறுப்பு’ என்று. இந்தப் பாடத்தின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ரெக்கார்டை எழுதிக்கொடுத்தவன் செய்முறைத் தேர்வு அன்று உங்கள் மகள் பக்கத்தில் உட்கார மாட்டான். அவள் எழுத்து கோணலாக இருந்தாலும் அவளே எழுதட்டும். வரி முடிவில் போட வேண்டிய அரைப்புள்ளி விட்டுப்போய், கம்ப்யூட்டர் பிழை காட்டி, சிவப்பு மையில் திருத்தியிருந்தால் இன்னும் நல்லது.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு கட் ஆஃப் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பள்ளியில் படிக்கிற கணினி அறிவியல் மதிப்பெண்ணே அதில் சேராது. அப்படியிருக்க, ஊர் சென்டரின் சான்றிதழ் எங்கே சேரப் போகிறது? கணிதத்தோடு பயாலஜி எடுத்த பிள்ளைகளும்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியலில் சேர்கிறார்கள்.

பாடத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் மகளின் புத்தக அட்டையை எடுத்துப் பாருங்கள். ‘கணினி அறிவியல்’ என்று போட்டிருக்கிறதா, ‘கணினிப் பயன்பாடுகள்’ என்று போட்டிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பாடம். கணிதம், இயற்பியல், வேதியியலோடு வருவது பெரும்பாலும் கணினி அறிவியல். வணிகவியல், கணக்குப் பதிவியலோடு வருவது பெரும்பாலும் கணினிப் பயன்பாடுகள். இரண்டாவதில் சி++ கிடையாது, பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியும் கிடையாது. இணையப் பக்கம் அமைக்கும் ஹெச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், அடுத்த ஆண்டு பி.ஹெச்.பி. என்று அதன் பாதையே வேறு. கேட்கிறவர்கள் எல்லாரும் ‘கம்ப்யூட்டர் குரூப்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால் குழப்பம். சென்டர்காரருக்கும் அது வசதி. எல்லாரையும் ஒரே சி++ வகுப்பில் உட்கார வைத்துவிடுவார். காமர்ஸ் பிரிவுப் பிள்ளை ஒருத்தி ஆறு மாதம் சி++ படித்து, தன் புத்தகத்தில் அதில் ஒரு வரிகூட இல்லை என்று அரையாண்டுத் தேர்வில் தெரிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. அட்டையைப் பாருங்கள். பார்த்துவிட்டு மகளின் வகுப்பாசிரியரிடமும் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்பது குறைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கிடைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆனால் அதற்காகக் கடன் வாங்கி லேப்டாப் வாங்க வேண்டாம். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது லேப் ஒழுங்காக நடந்தால் பிளஸ் ஒன்னுக்குத் தாராளம். வீட்டில் நோட்டும் பேனாவும் போதும். நிரலைத் தாளில் எழுதி, மடக்கு ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் மாறிகளின் மதிப்பு என்ன ஆகிறது என்று கட்டம் போட்டு எழுதிப் பார்க்கட்டும். சி++ நிரலை ஓட்டிப் பார்க்க உங்கள் போனிலேயே இலவசச் செயலிகள் இருக்கின்றன. பாடப் புத்தகமும் அரசு இணையதளத்தில் இலவசம். யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

லேப் ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் என் கவலை. எத்தனையோ பள்ளிகளில் கணினி ஆசிரியரைப் பாடம் நடத்த விடுவதில்லை. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி முழுக்க உள்ள பிள்ளைகளின் விவரம் ஏற்றுவது அவர் தலையில், தலைமையாசிரியரின் கடிதம் அடிப்பது அவர் தலையில். லேப் பீரியடை கணக்கு வாத்தியார் ‘போர்ஷன் முடியல’ என்று கேட்டு வாங்கிக்கொள்வார். நானும் எத்தனையோ கூட்டங்களில் எழுந்து சொல்லிவிட்டேன். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வும் இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவுகிற பள்ளிகளுக்கு இது சாக்காகிவிடக் கூடாது. பிளஸ் டூவில் பைத்தான் வரும். சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்குவதற்கென்று அங்கே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் சி++ எழுதிப் பழகாத பிள்ளை அதை மனப்பாடம்தான் செய்யும்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வாரத்தில் எந்த நாள், எந்த பீரியடு லேப்?’ பதிலை மகளின் நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த நாள் மாலையில் ‘இன்றைக்கு என்ன பிழை வந்தது?’ என்று அவளிடம் கேளுங்கள். உங்களுக்கு நிரல் புரிய வேண்டும் என்பதில்லை. வந்த பிழையை அவள் தன் வார்த்தையில் சொன்னால் வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து ‘லேப் போகல’ என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். தனியாகத் தயக்கமாக இருந்தால் இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 2,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா பாருங்கள். வகுப்பு தொடங்குவதற்குள் போய்த் திருப்பிக் கேளுங்கள். ஒரு நாள் உட்கார்ந்துவிட்டாலும் ‘சேர்ந்தாச்சு, திருப்பித் தர முடியாது’ என்பார்கள்.