ஓப்பன் பாக்ஸ் கம்ப்யூட்டர் பாகங்களை நம்பி வாங்கலாமா?

எதை வாங்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓப்பன் பாக்ஸ் என்றால் யாரோ வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது, இல்லை கடையில் டிஸ்ப்ளேக்கு வைத்தது. மனசு மாறித் திருப்பியதும் அதில் இருக்கும், ஓடாமல் திருப்பியதும் இருக்கும், பெட்டியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேபினெட், கூலர் எல்லாம் தைரியமாக வாங்கலாம், பிராக்கெட்டும் திருகுகளும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ப்ராசஸரும் எளிதில் கெடாது. மதர்போர்டுதான் வில்லங்கம். இன்டெல் எல்ஜிஏ 1700, ஏஎம்டி ஏஎம்5 என்ற இரண்டு சாக்கெட் வகைகளிலும் பின்கள் ப்ராசஸரில் இல்லை, அது உட்காரும் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம். மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் வரிசை கலைந்த இடம் தனியாக மின்னும். கவுண்டரை விட்டு நகர்வதற்குள் இதைப் பார்த்துவிடுங்கள், வளைந்த பின்னுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது.

எஸ்எஸ்டி என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்று பார்க்கலாம். பவர் சப்ளை மட்டும் வேண்டவே வேண்டாம். மாடுலர் கேபிள், அதாவது தனியாகக் கழற்றி மாட்டும் கேபிள், வேறு மாடலுடையது மாறி வந்திருந்தால் செருகும்போது பொருந்திவிடலாம், ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க் போய்விடலாம்.

அப்புறம் விலை. 10 சதவீதம்தான் குறைவு என்றால் நான் புதிதாகவே வாங்கிவிடுவேன். 25, 30 குறைந்தால் யோசிக்கலாம், அதுவும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கொடுத்தால். ‘ஒரு வாரம் கடை வாரண்டி சார்’ என்றால் செகண்ட் ஹேண்ட் விலைக்குக் கேளுங்கள்.