புகை நாளில் முயலை எப்படிப் பார்த்துக்கிறது? கேள்வி பதில்

போகி நெருங்கிடுச்சு. முயல், கினி பிக், ஹாம்ஸ்டர், லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற பலரும் புகை பத்திக் கேட்டிருந்தீங்க. எல்லாத்துக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்றேன். நான் டாக்டர் இல்லை. பல வருஷமா முயல் வளர்க்கிறேன், மத்தவங்க வேண்டாம்னு விட்ட முயல்களையும் எடுத்துப் பார்த்துக்கிறேன். டாக்டர்கிட்ட போக வேண்டிய விஷயம் வந்தா அங்கேயே சொல்லிடுறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: அக்கா, போகி அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எங்க தெருவுல டயர் கொளுத்திடுவாங்க. என் முயல் பால்கனி கூண்டுல இருக்கு. கூண்டு மேல ஈரத்துணி போட்டா போதுமா?

போதாது தம்பி. ஈரத்துணி பறந்து வர்ற சாம்பலையும் கரியையும் பிடிக்கும். நுரையீரலோட அடி வரைக்கும் போற பி.எம். 2.5 துகளும், ரப்பர் எரியற வாயுவும் அதுக்குள்ள புகுந்து வந்துடும். போதாக்குறைக்குக் கூண்டுக்குள்ள காத்தோட்டம் நின்னு புழுக்கமும் சேரும்.

முயலை உள்ளே கொண்டு வந்துடுங்க. அதுவும் போகி ராத்திரி அவசரமா வேண்டாம், ரெண்டு மூணு நாள் முன்னாடியே கொண்டு வாங்க. புது இடம்னா முயல் மிரளும், மிரண்டா சாப்பாட்டை நிறுத்தும். தெருப் பக்கம் இல்லாத, சமையலறையை ஒட்டாத, ஜன்னல் குறைவா இருக்கிற ஒரு அறையைத் தேர்ந்தெடுங்க. ஜன்னல் இடுக்கை டேப் போட்டு ஒட்டுங்க, கதவுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வையுங்க. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைச்சிடுங்க. அது உள்காத்தை வெளியே தள்ளத் தள்ள, எல்லா இடுக்கு வழியாவும் புகை உள்ளே வரும்.

ஜனவரி விடிகாலைல தரையை ஒட்டின காத்து குளிர்ந்து அசையாம நிக்கும். அதனாலதான் போகிப் புகை மேலே ஏறாம வீட்டு உயரத்துலயே தங்குது. 2018 போகியில பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்துல விமானங்கள் இறங்க முடியாம திருப்பி விடப்பட்டது நினைவிருக்கும். வெயில் ஏறி, மரக்கிளை அசைய ஆரம்பிச்சு, எதிர்க் கட்டடம் தெளிவா தெரிஞ்சப்புறம் ஜன்னலைத் திறங்க.

அயனாவரத்திலிருந்து: தெரு நாய், பூனை எல்லாம் அதே புகையிலதானே இருக்கு? முயலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயப்படணும்?

நாய், பூனைக்கும் கெடுதல்தான். ஆனா நாய்க்கு மூக்கு அடைச்சா வாயால மூச்சு விடும். முயல் மூக்கால மட்டும்தான் மூச்சு விடும். அது வாயைத் திறந்து மூச்சு வாங்குதுன்னா, மத்த வழி எல்லாம் அடைபட்டுப் போச்சுன்னு அர்த்தம். உடம்பு அளவுக்குப் பார்த்தா முயலோட நெஞ்சுக்கூடும் ரொம்பச் சின்னது, வயிறுதான் பெரிசு.

இன்னொண்ணு, வேட்டையாடப்படுற எந்தப் பிராணியும் நோயை வெளியே காட்டாது. அதனால நாமதான் தேடிப் பார்க்கணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது விலாவைப் பார்த்து மூச்சு எண்ணுங்க. நிமிஷத்துக்கு 30 முதல் 60 வரை சரி. நல்லா இருக்கிற நாள்லயே எண்ணி எழுதி வச்சுக்கிட்டா, புகை நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்து முன்னங்காலைத் திருப்பி உள்பக்க முடியைப் பாருங்க. மூக்கு ஒழுகினா முயல் அந்த இடத்துலதான் துடைக்கும். மூக்கு காஞ்சு சுத்தமா இருக்கும், ஆனா முன்னங்கால் முடி ஈரமா ஒட்டி, திரிதிரியா விறைச்சு நிக்கும். தும்மல் காதுல விழறதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சுடும்.

பெருங்குடியிலிருந்து: எனக்குப் போகியை விட ஏப்ரல்தான் பயம். 2022-ல குப்பைமேடு எரிஞ்சப்போ நாள் கணக்கா புகை. எங்க வீட்டுல ஏ.சி. இல்லை. ஜன்னலைச் சாத்தினா வெந்து போகுது, திறந்தா புகை. என்ன செய்யறது?

வந்த கேள்விகள்ல ரொம்பக் கஷ்டமானது இதுதான். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் 'ஜன்னலைச் சாத்துங்க'ன்னு ஒரு வரியில முடிச்சிடும். நம்ம ஊர் சித்திரை வெயில் அந்தக் கணக்குல இல்லை.

முயலுக்கு வியர்க்காது. காது வழியாத்தான் சூட்டை விடும். 30 டிகிரி தாண்டினாலே அதுக்குச் சிரமம். அதனால வெயிலா, புகையான்னு வந்தா முதல்ல வெயிலைத்தான் கவனிக்கணும். கடும் சூடு சில மணி நேரத்துலயே முயலைக் கொன்னுடும். மெல்லிசான புகை அவ்வளவு சீக்கிரம் கொல்லாது.

பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு, கட்டியானதும் துணி சுத்திக் கூண்டுக்குள்ள வையுங்க. மாத்தி மாத்தி வைக்க நாலஞ்சு பாட்டில் வேணும். பெரிய மண்பானையை ஈரப்படுத்திப் படுக்க வச்சா முயல் அதுக்குள்ளயே போய்ப் படுத்துக்கும். காதோட வெளிப்பக்கத்தை ஈரத்துணியால அப்பப்போ துடைங்க. ஐஸ் தண்ணியில முக்கவே கூடாது, அதிர்ச்சியிலயே செத்துடும். ஏர் கூலர் வேண்டாம். அதோட வேலையே வெளிக்காத்தை இழுக்கிறதுதான், புகையையும் சேர்த்து இழுக்கும். ஜன்னலைச் சாத்திட்டு ஓட்டினா அறை முழுக்க ஈரப்பதம் ஏறி இன்னும் மோசமாகும்.

காத்தோட போக்கையும் பாருங்க. மதியவாக்குல கடல்காத்து ஏறினா குப்பைமேட்டுப் புகை வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் போகும். ராத்திரியும் விடிகாலையும் காத்து நிலத்துல இருந்து கடலுக்குத் திரும்பும், அப்போ ஓ.எம்.ஆர். பக்கம் வரும். உங்க வீட்டுல எந்த நேரம் வாடை குறையுதுன்னு ரெண்டு நாள் பார்த்தாலே பிடிபட்டுடும். அந்த நேரத்துல மட்டும் திறந்து அறையை ஆத்திடுங்க.

இவ்வளவும் செஞ்சும் அறை 32, 33 டிகிரிக்குக் கீழே வரலைன்னா முயலைக் கொண்டு போய் அம்பத்தூர்லயோ தாம்பரத்துலயோ சொந்தக்காரங்க வீட்டுல விட்டுடுங்க. புகை அடங்கினதும் கூட்டிட்டு வரலாம். அவங்களுக்குச் சிரமம் கொடுக்கிறோமேன்னு தயங்காதீங்க. ஒரு கூண்டு, ஒரு கட்டுப் புல், அவ்வளவுதான்.

அறையைச் சாத்தி வச்சா மூத்திர நெடியும் தேங்கும். அந்த அமோனியாவும் மூச்சுக்குழாயை அரிக்கும். காலையும் மாலையும் பேப்பர் மாத்திடுங்க.

வேளச்சேரியிலிருந்து: ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? ஏ.சி. மட்டும் போதாதா?

ஸ்ப்ளிட் ஏ.சி. உள்காத்தையே சுத்தி விடும். வெளிப்புகையை உள்ளே கொண்டு வராது, அந்த வகையில நல்லது. ஆனா அதோட வலை தூசியை மட்டும்தான் பிடிக்கும். விண்டோ ஏ.சி.ன்னா வெளிக்காத்து வர்ற சின்ன வழியை மூடுற நெம்புகோல் ஒண்ணு இருக்கும், அது மூடியிருக்கான்னு பாருங்க.

பியூரிஃபையர் வாங்க முடிஞ்சா ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா வாங்குங்க. 0.3 மைக்ரான் துகளையே 99.97 சதவீதம் பிடிக்கும். வீடு முழுக்க வேண்டாம், முயல் இருக்கிற ஒரு அறை அளவுக்கு இருந்தா போதும். ஓசோன் விடுற மிஷின் மட்டும் வேண்டவே வேண்டாம், ஓசோனே நுரையீரலைப் புண்ணாக்கும். ஒயரை முயல் கடிக்காம மறைச்சு வையுங்க.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட 'சமீர்' செயலியில மணலி, ஆலந்தூர், வேளச்சேரி நிலைய அளவு எல்லாம் தெரியும். ஆனா அந்த ஏ.க்யூ.ஐ. (காத்து எவ்வளவு மாசுன்னு காட்டுற எண்) பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. இப்போ தெருவுல டயர் எரிஞ்சா அந்த எண் உடனே ஏறாது. உங்க மூக்கையும் நம்புங்க.

திருவொற்றியூரிலிருந்து: போகி, தீபாவளி தவிர மத்த நாள்ல பயமில்லைதானே? ராத்திரி கொசுவுக்காகக் கொசுவர்த்தி மட்டும் கொளுத்துவோம். வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போடுவாங்க.

வெளிப்புகைக்கு இவ்வளவு பயந்துட்டு உள்ளே நாமே புகை போட்டா எப்படிம்மா? ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிஞ்சு முடிஞ்சா 75 முதல் 137 சிகரெட் விடுற அளவுக்கு நுண்துகள் வரும்னு 2003-ல வெளிவந்த ஆய்வு சொல்லுது. போகி வருஷத்துக்கு ஒரு நாள், கொசுவர்த்தி தினமும். கூண்டு மேல கொசுவலை போடுங்க. ஓரத்தை இறுக்கிக் கட்டுங்க, தொங்கினா கடிச்சிடும். சாம்பிராணியை அம்மா பூஜையறையில போடட்டும், முயல் அறைக் கதவைச் சாத்திட்டு. ஊதுபத்தி, கற்பூரம், ரூம் ஸ்ப்ரே எல்லாத்துக்கும் இதேதான்.

ஆவடியிலிருந்து: போன வாரம் பக்கத்துல குப்பை கொளுத்தினதுல இருந்து என் முயல் தும்முது. மெடிக்கல்ல அமாக்சிசிலின் வாங்கி அரை மாத்திரை கொடுக்கலாமா? மூக்குல விக்ஸ் தடவலாமா?

ரெண்டும் வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின் வகை மருந்தை வாய் வழியா கொடுத்தா முயலோட குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியா செத்து, நச்சுக் கிருமி பெருகி, முயலே இறந்துடும். கினி பிக், ஹாம்ஸ்டருக்கும் அப்படித்தான். மனுஷக் குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துதானேன்னு கொடுத்துப் பறிகொடுத்தவங்க நிறைய பேர். விக்ஸ், நீலகிரித் தைலம் நெடியும் ஏற்கெனவே புண்ணான மூக்கை இன்னும் எரிக்கும்.

பல முயல்களோட மூக்குல பாஸ்சுரெல்லாங்கிற கிருமி சும்மா தங்கியிருக்கும். புகை மூக்கோட உள்தோலைக் கெடுத்ததும் அது கிளம்பிடும். ஒரு வாரமா தும்மல்னா, முயல் பார்த்துப் பழகின டாக்டர்கிட்ட நாளைக்கே போங்க.

அண்ணா நகரிலிருந்து: என் பொண்ணு கலிபோர்னியாவுல ரெண்டு முயல் வச்சிருக்கா. காட்டுத்தீ சமயத்துல அவ சொல்ற ஏ.க்யூ.ஐ. எண்ணைக் கேட்டாலே பதறுது. அங்கே 150-ங்கறா, இங்கே 150 சாதாரணமா வருதே?

ரெண்டு ஊர் கணக்கும் வேறம்மா. ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருந்தா நம்ம கணக்குல 100. அமெரிக்கக் கணக்குல அதே காத்து 150-ஐத் தாண்டிடும். எண்ணை அப்படியே ஒப்பிடாதீங்க. ரெண்டு எண்ணும் மனுஷங்களுக்காகப் போட்டது, முயலுக்குன்னு தனி அளவு கிடையாது. நமக்குக் கண் எரியற அன்னைக்கு முயலுக்கும் ஆகாத நாள்னு வச்சுக்கலாம்.

காட்டுத்தீப் புகை ரொம்ப தூரம் வரும். 2018 நவம்பர்ல பாரடைஸ் ஊர் எரிஞ்சப்போ, நூறு மைல் தாண்டி இருக்கிற சான் பிரான்சிஸ்கோவுலயும் நாள் கணக்கா புகை நின்னுச்சு. வீடுகளும் சேர்ந்து எரிஞ்சதால அதுல பிளாஸ்டிக், பெயின்ட் எல்லாம் கலந்திருக்கும், நம்ம போகி டயர் மாதிரியே. வீட்டு ஏ.சி.யை உள்காத்து சுழற்சியில வச்சு, மெர்வ் 13 (நுண்துகளையும் பிடிக்கிற தரம்) ஃபில்டர் போடச் சொல்லுங்க. சாம்பல் விழுந்த தோட்டத்துப் புல்லைக் கொடுக்க வேண்டாம்.

அங்கே புகையோட நிக்காது, வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாங்க. முயல் தூக்கிட்டுப் போற பெட்டி, ஒரு வாரத்துக்குக் காஞ்ச புல், தண்ணி, மருந்துச் சீட்டு எல்லாம் கதவு பக்கத்துலயே இருக்கணும். முகாம்ல முயலைச் சேர்த்துக்குவாங்கன்னு உறுதியில்லை. எந்தச் சிநேகிதி வீட்டுக்குப் போறதுன்னு இப்பவே பேசி வைக்கச் சொல்லுங்க.

அரும்பாக்கத்திலிருந்து: என்கிட்ட லவ் பேர்ட்ஸ், கினி பிக், முயல் மூணும் இருக்கு. எல்லாத்தையும் ஒரே அறையில வைக்கலாமா?

ஒரே அறையில வைக்கலாம், முயலையும் கினி பிக்கையும் மட்டும் தள்ளி வையுங்க. முயலுக்கு ஒண்ணும் செய்யாத போர்டெடெல்லா கிருமி கினி பிக்குக்கு நிமோனியா கொண்டு வந்துடும். இடம் கம்மின்னா நல்ல அறையைப் பறவைக்குக் கொடுங்க. காத்துப் பைகளோட இருக்கிற அதோட நுரையீரல் நம்மை விட வேகமா நச்சை இழுத்துக்கும். நான்ஸ்டிக் தவா அதிகமா சூடேறி வர்ற ஆவியே பறவையைக் கொல்லும், புகை இல்லாத நாள்லயும்.

கொளத்தூரிலிருந்து: மீன் தொட்டிக்கு ஏதாவது செய்யணுமா?

ஏர் பம்பு எந்த இடத்துக் காத்தை இழுக்குதுன்னு பாருங்க. பால்கனியில இருந்தா உள்ளே மாத்துங்க. தொட்டியை மூடி வையுங்க, அவ்வளவுதான்.

போரூரிலிருந்து: அக்கா, நேத்து ராத்திரி கீழ்வீட்டுல ஷார்ட் சர்க்யூட் ஆகி எங்க வீடு முழுக்கப் புகை. முயல் அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில இருந்து புல் தொடலை, மூலையில குந்தியிருக்கு. நாளைக்குப் பார்க்கலாமா?

நாளைக்கு வேண்டாம், இப்பவே கிளம்புங்க. அடர்த்தியான புகையை இழுத்தா நுரையீரல்ல நீர் கோர்க்கிறது ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுக்கூட வரும். 'அப்போ நல்லா இருந்துச்சு'ங்கறதை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. அதோட, 12 மணி நேரம் முயல் சாப்பிடாம இருந்தாலே குடல் நின்னுடும்.

கீழ் உதட்டை லேசா இறக்கி ஈறைப் பாருங்க. நீலமா, சாம்பல் நிறமா இருந்தா ஆக்சிஜன் வேணும், போன்ல பேசும்போதே அதைச் சொல்லுங்க. வாயில எதையும் திணிக்காதீங்க, மூச்சு வாங்குற முயலுக்கு அது நுரையீரலுக்குள்ள போயிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, முயல் பார்க்கிற வேற டாக்டரோ, இப்போ யார் இருக்காங்கன்னு போன் பண்ணிட்டுப் போங்க. பெட்டியில துண்டு விரிச்சு, வெயில் படாம, ஆட்டோவுல மடியில வச்சுப் பிடிச்சுக்கோங்க. இன்னைக்குப் போட்ட புழுக்கை ஒண்ணு ரெண்டு கிடந்தாலும் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போங்க. டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பாங்க.