கப்பல் வரும் வரை கடை நடத்துவது எப்படி?

செஷல்ஸ் நாட்டின் மாஹே தீவில் 11 வருடம் மளிகைக் கடை வைத்திருந்தேன் (நம்ம யூனியன் பிரதேசத்து மாஹே இல்லை, அது கேரளத்துப் பக்கம்). 2022இல் புதுச்சேரிக்கே திரும்பிவிட்டேன். தீவுகளில் சிறு வியாபாரம் செய்யப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை வாசகர்: செஷல்ஸில் மாமா கடைக்குக் கூப்பிடுகிறார். பி.காம். முடித்திருக்கிறேன். முதலில் எதைப் பழகுவது அண்ணா?

அடக்க விலை போடுவதை. படித்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 100 கட்டு அப்பளம், கட்டு 40 ரூபாய் என்று 4,000க்கு வாங்குகிறீர்கள் என்று வைப்போம். கப்பல் கூலி, சுங்கம், இறக்குகூலி எல்லாம் சேர்ந்து 1,400. மொத்தம் 5,400, கட்டு 54 ரூபாய் என்று எழுதி, 58க்கு விற்று, நாலு ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுவார்கள். பெட்டியைப் பிரித்தால் 10 கட்டு நொறுங்கியிருக்கும். விற்கக் கூடியது 90தான். அப்போது அடக்கம் 60. 58க்குக் கொடுத்த ஒவ்வொரு கட்டிலும் இரண்டு ரூபாய் போச்சு!

அங்கே பெரும்பாலான சரக்கு கப்பலில்தான் வரும். நம்ம பெரிய மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் ஒரு மூட்டை எடுத்துவருவது போல நினைக்காதீர்கள். தீர்ந்தால் அடுத்த கப்பல் வரும் வரை அலமாரி காலி. பயந்துகொண்டு அதிகம் வாங்கினால் எக்ஸ்பயரி தேதி துரத்தும்.

அவரே: விசிட்டராகப் போய்க் கடையில் நிற்கலாமா?

கூடாது. வேலை செய்ய கெயின்ஃபுல் ஆக்குபேஷன் பெர்மிட் வேண்டும். மாமாவை முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: உங்களுக்கு நஷ்டம் வந்ததுண்டா சார்?

வராமலா? வெளியிலிருந்து வரும் சரக்குக்கு டாலர் கணக்கில்தான் பணம் கட்டுவேன். 2020 தொடக்கத்தில் டாலருக்கு 14 செஷல்ஸ் ரூபாய் அளவில் இருந்தது. கொரோனாவில் சுற்றுலா நின்றது, டாலர் வரத்து நின்றது, வருடக் கடைசியில் 20ஐத் தாண்டிவிட்டது. நானோ பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தேன். கல்லாவில் காசு நிறைந்தது, லாபம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆர்டர் போடும்போதுதான் அந்தக் காசுக்கு முன்பு வாங்கிய அளவு சரக்கு வராது என்று தெரிந்தது. அதற்கப்புறம் 'இதே சரக்கை இன்று மறுபடி வாங்கினால் என்ன ஆகும்' என்று கேட்டுத்தான் விலை போட்டேன். அடுத்த வருடமே அந்த ஊர் ரூபாய் மறுபடி தேறியது. உச்ச விலையில் வாங்கிக் குவித்தவர்கள் பாடு திண்டாட்டம்.

காரைக்கால் வாசகி: கடன் கேட்டால் எப்படி மறுப்பது?

அந்த நாட்டு மக்கள் தொகையே ஒரு லட்சத்துச் சொச்சம்தான், புதுச்சேரி நகரத்தை விடக் குறைவு. ஒருவருக்கு இல்லை என்றால் சாயங்காலம் அவர் சித்தியும் நம் கடைக்கு வரமாட்டார். நான் மறுக்கவில்லை, அளவு வைத்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம், மேலே உச்சவரம்பு, சம்பளத் தேதி, ஒவ்வொரு வரியிலும் வாங்கியவர் கையெழுத்து. நோட்டைத் திருப்பிக் காட்டினால் போதும், வாய்ச்சண்டை வராது.

நெல்லித்தோப்பு வாசகர்: பயிற்சி வகுப்புகளால் பயன் உண்டா?

சரியானதாக இருந்தால் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 'ஸ்டார்ட் அண்ட் இம்ப்ரூவ் யுவர் பிசினஸ்' பாடம் நல்ல பாடம், விலை போடுவதும் கணக்கு எழுதுவதும் அதில் உண்டு. ஆனால் மூன்று நாள் ஓட்டல் ஹாலில் உட்கார்த்தி, சர்ட்டிபிகேட் கொடுத்து, குரூப் போட்டோ எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. மாதம் ஒரு தடவை யாராவது கடைக்கே வந்து நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெட்கத்துக்காவது எழுதுவோம்.

கடலூர் முதுநகர் வாசகி: குழுவாகக் கருவாடு, மீன் ஊறுகாய் போடுகிறோம். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு அண்ணே?

உங்களுக்கும் கப்பல் வராத காலம் உண்டே, தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. தானே, ஃபெஞ்சல் மாதிரிப் புயல் வந்தால் நாள் கணக்கில் காயவைக்க வெயிலும் கிடைக்காது. நூறு கிலோ பச்சை மீன் காய்ந்து எத்தனை கிலோ ஆகிறது என்று நிறுத்து எழுதியிருக்கிறீர்களா? மீன் வகைக்கு வகை மாறும். அதிலிருந்துதான் உங்கள் அடக்க விலை. அப்புறம், தடைக்காலத்தில் விற்கும் சரக்கின் பணத்தை அன்றன்றே பிரித்துவிடாமல், ஜூன் 15க்கு மீன் எடுக்க வேண்டிய தொகையைத் தனியாகக் கட்டி வையுங்கள். அது சேரும் வரை பேக்கிங் மெஷின் பேச்சை எடுக்க வேண்டாம்.